பெரம்பூரில் கேட்ட பத்து நிமிடம்

திருவாலங்காட்டு நிலையத்தில் விடியலுக்கு முன் மின்தொடர் வண்டி ஏறுகின்ற நம் பிள்ளைகளுள் பலர் பட்டாபிராமிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் இறங்கிவிடுகின்றனர். வண்டி அதன்பின் பெரம்பூரைத் தாண்டிச் சென்னைக்குப் போகின்றது. இது பழைய வழி. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டியும் திருவள்ளூர், அரக்கோணம் வழியாகவே சென்றது. இந்த வழியிலுள்ள பெரம்பூரின் பஞ்சாலைகளில்தான், உழைப்பவனின் நேரம் யாருடையது என்னும் வழக்கு நூறாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் பொதுமன்றத்துக்கு வந்தது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆகவே அதன் தொடக்கத்தை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகின்றோம்.

பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை என இரண்டு பெரும் பஞ்சாலைகள் இருந்தன. இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. சாதி இந்துக்கள், ஆதிதிராவிடர், முஸ்லிம்கள் என எல்லாத் தரப்பினரும் அங்கே வேலை செய்தனர். 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி பஞ்சாலையில் ஓர் ஆணை ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நண்பகல் உணவுக்கு அரை மணி நேரம். இந்த அரை மணியைச் சட்டத்தில் எழுதியது 1891-ஆம் ஆண்டின் திருத்தம். நண்பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையே ஆலை அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று அது விதித்தது.

தறியை விட்டு வெளியேறி, ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடிக்கும் வாயிலைக் கடந்து, கைகழுவி, வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தேடிப்பிடித்து, உண்டு, மீண்டும் வாயிலுக்குள் நுழைய முப்பது நிமிடம் எவ்வளவு நேரம் என்பதை இன்று எந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்பவரும் சொல்லிவிடுவார். அன்றைய தொழிலாளர் தம் மனக்குறையைச் சொல்லச் சென்ற இடம்தான் நம் கவனத்துக்குரியது. ஆலைப் பகுதியில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும் இராமானுஜுலு நாயுடுவிடமும் அவர்கள் சென்றனர். செல்வபதி செட்டியார் ஒரு பக்திச் சபையை நடத்தி வந்தார். ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்பது அதன் பெயர். மாலையில் சமயச் சொற்பொழிவு கேட்க வந்தவர்களே ஆலைத் துயரத்தையும் அங்கே இறக்கி வைத்தனர். வணங்கப் போன இடத்தில் வயிற்றுப் பாட்டைப் பேச இடம் கிடைத்தது. நம் ஜமாஅத் நிர்வாகிகள் இந்தச் செய்தியைச் சற்று நின்று வாசிக்க வேண்டும்.

கடைக்காரர் இருவரும் அன்னி பெசண்டின் ‘நியூ இந்தியா’ இதழில் பணியாற்றிய பி.பி. வாடியாவை நாடினர். வாடியா பார்சி சமயத்தவர். திரு.வி.க.வும் உடன் நின்றார். வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த அவர் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் அப்பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியராகியிருந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா அதன் தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலரும் இதனையே குறிப்பிடுவர். கூலி, மேற்பார்வையாளர்களின் அடாவடி என அவர்களுக்குக் குறைகள் பல இருந்தன. முதலில் கையிலெடுத்தவற்றுள் ஒன்று உணவு இடைவேளை. பேச்சுவார்த்தையின் முடிவில் முப்பது நிமிடம் நாற்பதாகியது.

பத்து நிமிடம் ஒரு பொருட்டா என்று கேட்பவர், அந்த நாற்பது நிமிடம் லுஹர் தொழுகையின் நேரத்தில் விழுகின்றது என்பதை எண்ணிப் பார்க்கட்டும். ஆலையிலிருந்த முஸ்லிம் தொழிலாளிக்கு அந்த அரை மணிக்குள் சோறும் வேண்டும், உளூவும் வேண்டும், தொழுகையும் வேண்டும். வெள்ளிக்கிழமையானால் குத்பாவும் உண்டு. அவருக்கு அருகில் நின்ற தறிக்காரருக்குத் தொழுகை இல்லாமலிருக்கலாம். ஆனால் நின்று மூச்சுவிடும் தேவை அவருக்கும் இருந்தது.

நேரத்தை அளக்கும் முறையும் அந்த நூற்றாண்டில் மாறிக்கொண்டிருந்தது. நம் மாவட்டத்துப் பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் நிழற்கடிகாரம் ஒன்று உண்டு. கதிரவனின் நிழல் விழும் இடத்தைப் பார்த்துத் தொழுகை நேரத்தை அறிவதற்கானது. தொடர்வண்டிக்கோ சென்னை வானாய்வகத்தின் கணக்குப்படி ‘மெட்ராஸ் நேரம்’ ஒன்று இருந்தது. 1906-இல்தான் அதன் இடத்துக்கு இந்திய நேரம் வந்தது. ஆலைக்குச் சங்கு. நிழல் எல்லாருக்கும் பொது. சங்கு ஊதும் உரிமையோ ஒருவரிடம் இருந்தது.

கூலிக்கு அமர்ந்தவனின் நேரம் முழுவதும் அமர்த்தியவனுக்கே சொந்தமா என்னும் கேள்வியை நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் ஆலைகளுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எடுத்துக்கொண்டனர். ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவரை வேலைக்கு அமர்த்தினால், கடமையான தொழுகைக்கும் அதற்கான தூய்மைக்கும் ஆகும் நேரம் அந்த ஒப்பந்தத்திலிருந்து தானாகவே விலக்கப்பட்டது. அதற்காகக் கூலியைக் குறைக்கலாகாது என்பது இமாம் நவவி போன்ற ஷாஃபிஈ சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. மனிதனின் நாளில் விற்பனைக்கு வராத பகுதிகள் உண்டு என்பதே இதன் பொருள். கி.பி. 1058-இல் மறைந்த மாவர்தீ, அரசு நிருவாகம் பற்றிய தம் நூலில் சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபின் கடமைகளை எழுதும்போது, ஊழியம் செய்வோர் மீதும் சுமக்கும் விலங்குகள் மீதும் தாங்க இயலாத பளுவை ஏற்றுவோரைத் தடுப்பதையும் சேர்த்தார். இப்னு கல்தூனோ கட்டாய உழைப்பைக் கொடுமைகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக எண்ணினார். ஒரு நாட்டின் வாழ்வையே அது அழிக்கும் என்பது அவர் முடிவு.

இவை யாவற்றையும்விட எம் மாணவர்களிடம் நாம் அடிக்கடி எடுத்துரைப்பது முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒருவர் பகலெல்லாம் தம் ஒட்டகங்களைக் கொண்டு நீர் இறைத்துத் தோட்டம் பாய்ச்சுபவர். இரவு கவிந்தபின் களைத்து வந்தார். முஆத் (ரலி) அவர்கள் இமாமாக நின்று தொழுகை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவரும் சேர்ந்துகொண்டார். இமாம் ஓதத் தொடங்கியதோ மிக நீண்ட அத்தியாயம். தாங்க மாட்டாமல் அம்மனிதர் விலகித் தனியே தொழுதுவிட்டுப் போய்விட்டார். அவரைப் பற்றிக் கடுஞ்சொல் எழுந்தது. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றது. நாங்கள் கையால் உழைப்பவர்கள், பகலில் நீர் இறைப்பவர்கள் என்று அம்மனிதர் முறையிட்டார். நபி (ஸல்) அவர்கள் கடிந்தது அவரையன்று, முஆத் (ரலி) அவர்களைத்தான். மக்களைக் குழப்பத்தில் ஆழ்த்துகின்றீரா என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். முதியவரும் பலவீனரும் தேவையுடையோரும் பின்னால் நிற்பதை நினைவூட்டி, சிறிய அத்தியாயங்களை ஓதுமாறு பணித்தார்கள்.

தொழுகையையே களைத்த உழைப்பாளிக்காகச் சுருக்கினார்கள். அப்படியிருக்க, ஒரு கம்பெனியின் மாத இலக்கு எம்மாத்திரம்?

பெரம்பூருக்குத் திரும்புவோம். 1918-இன் வெற்றிக்குப் பின் நடந்தவை இனிமையானவை அல்ல. கம்பெனி வாடியா மீதும் பிறர் மீதும் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிலாளரைச் சங்கத்தில் சேர்ப்பதே நட்டஈட்டுக்குரிய குற்றமாகப் பார்க்கப்பட்டது. வாடியா சங்கத்தை விட்டு விலகிய பின்னரே அது ஓய்ந்தது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறந்ததற்கு இவ்வழக்கும் ஒரு காரணம்.

1921-இல் மீண்டும் பெரும் வேலைநிறுத்தம். ஆண்டின் நடுவில் தொடங்கி அக்டோபர் வரை நீண்டது. கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமையும் கொந்தளித்த காலம் அது. சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் வேலையை நிறுத்தினர். ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். கடனும் பசியும் மிகுந்திருந்த அவர்களுக்குப் பல மாத வேலைநிறுத்தத்தைத் தாங்கும் வலு இல்லை. தம்மை மதியாத சங்கத்தை அவர்கள் நம்புவதற்கும் காரணம் இல்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கலவரத்திலும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டிலும் உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. அந்தக் கலவரத்தில் நம் முன்னோரும் ஒரு தரப்பில் நின்றனர் என்பதை மறைத்து வரலாறு எழுதுவது நேர்மையாகாது. அரை மணியை நாற்பது நிமிடமாக்கிய அதே மக்கள், ஒருவர் குடிசைக்கு மற்றவர் தீ வைத்த பின் எதையும் பெற இயலாதவர்களாயினர். 1918-க்கும் 1921-க்கும் இடையே மூன்றே ஆண்டுகள்.

ஆயினும் எண்கள் மெல்ல இறங்கின. முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வேலை நேரம் பற்றித் தன் முதல் உடன்படிக்கையை இயற்றியது. 1922-இல் இந்தியத் தொழிற்சாலைகளுக்கு வாரம் 60 மணி நேரம் என எல்லை வகுக்கப்பட்டது. 1934-இல் அது 54 ஆயிற்று. அம்பேத்கர் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்றிருந்த காலத்தில் எட்டு மணி நேரம் பற்றிய பேச்சு வலுத்து, 1946-இல் எல்லை 48 ஆயிற்று. விடுதலை பெற்ற நாட்டின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதிசெய்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி இடைவேளை, வாரம் ஒரு விடுமுறை, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி ஆகியவையும் அதில் இடம்பெற்றன. இதற்கிடையில் 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடியிருந்தார்.

இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்மைக்காலச் செய்திகளை வாசித்தால் வியப்பு உண்டாகின்றது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத் தலைவர் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க இயலவில்லையே என்ற குறையும் அவருக்கு இருந்தது. அந்நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் நம் மாவட்டத்துக் காட்டுப்பள்ளியில்தான் இருக்கின்றது. 90-ஐ ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழப் பதின்மூன்று மணி நேரம். 70-ஆனாலும் 90-ஆனாலும், ஆங்கிலேயர் 1922-இல் தம் அடிமை நாட்டு ஆலைகளுக்கு வைத்த 60 என்னும் எல்லைக்கு மேற்பட்டவை.

சென்னைச் சட்டப்பேரவையும் ஒருமுறை 1911-ஐ நோக்கித் திரும்பிப் பார்த்தது. 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த முன்வரைவு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, விரும்புவோர் நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம், தொழிலாளியின் விருப்பம் இன்றி எதுவும் நடவாது என்று அமைச்சர்கள் விளக்கினர். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. சில நாள்களில் முன்வரைவு நிறுத்தி வைக்கப்பட்டு, மே முதல் நாள் திரும்பப் பெறப்பட்டது. அரசு செவிசாய்த்ததைப் பாராட்டவே வேண்டும். ஆனால் அந்த விளக்கத்தில் இருந்த ‘விருப்பம்’ என்ற சொல் மறையவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று சொல்லி, மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கின்றது. நல்ல சொல்தான். அதனைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தேர்வாய்க் கண்டிகையிலோ ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். இரவு ஷிப்ட் முடியும் காலை ஆறு மணிக்கு, மாற்று ஆள் வரவில்லை, ஓ.டி. பார்க்கின்றாயா என்று மேற்பார்வையாளர் கேட்கின்றார். அவன் இரு சக்கர வாகனக் கடன் தவணை பத்தாம் தேதி. தங்கையின் நிக்காஹ் ஷவ்வாலில். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவது அந்த மேற்பார்வையாளரின் ஒரு தலையசைப்பில். அவன் சரி என்கின்றான். இதனைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாம். ஹனஃபி சட்டநூலான துர்ருல் முக்தார் நெருக்கடியில் சிக்கியவனின் விற்பனையைப் பழுதுள்ள விற்பனையாகக் கருதுகின்றது. பொருளை விற்பதிலேயே அப்படியென்றால் உறக்கத்தை விற்பதில் எப்படி?

திருவாலங்காட்டுக்கு அடுத்த பழையனூரில் வழங்கும் ஒரு பழங்கதையை இங்கு நினைக்கின்றோம். நீலி என்பவள் பொய்க்கண்ணீர் வடித்து ஒரு வணிகனைத் தன் கணவன் என்று ஊரை நம்பவைத்தாள். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம் என்று எழுபது வேளாளர் பிணை சொன்னார்கள். வணிகன் இறந்தான். சொன்ன சொல்லுக்காக எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர் என்பர். ‘நீலிக் கண்ணீர்’ என்னும் வழக்கு நாடெங்கும் பரவியிருக்கின்றது. பிணை நின்ற எழுபதின்மரை நாடு மறந்துவிட்டது. இளைஞனின் சம்மதத்துக்குப் பிணை நிற்பவர் யார் என்பதே நம் கேள்வி. 1918-இல் பிணை நின்றது சங்கம். தனியொருவன் மறுத்தால் வேலை போகும். எல்லாருக்கும் நாற்பது நிமிடம் என்று எழுதப்பட்டுவிட்டால், உண்பதற்கும் தொழுவதற்கும் எவனும் எவரிடமும் கெஞ்ச வேண்டுவதில்லை. தனிமனித உரிமை என்று இன்று பேசப்படுவது பெரம்பூரில் பொது எல்லை ஒன்றின் நிழலில்தான் வளர்ந்தது.

களைப்பு நோயாகும் கதையை மருத்துவ உலகம் மெதுவாகவே ஒப்புக்கொண்டது. வேலையால் உள்ளும் புறமும் தீய்ந்துபோகும் நிலைக்கு 1974-இல் உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கர் ‘பர்ன்அவுட்’ என்னும் பெயரைப் பரவச் செய்தார். நாம் பணிச்சோர்வு என்கின்றோம். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அதனைத் தன் நோய்ப்பட்டியலில் குறித்தது. ஆனால் நோயாக அன்று, பணியிடத்தில் விளையும் ஒரு நிலையாகக் குறித்தது. அந்த வேறுபாடு முக்கியமானது. குறை மனிதனுக்குள் மட்டும் இல்லை என்று அது சொல்கின்றது. 2021-இல் அந்நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 7,45,000 பேர் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதயநோயாலும் இறந்தனர். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு மிகுதி. 70 என்றும் 90 என்றும் மேடையில் சொல்வோர் இந்தக் கணக்கையும் உடன் சொல்வதில்லை.

நம் வீடுகளில் இந்நிலைக்கு வைக்கப்படும் பெயர் வேறு. ஃபஜ்ருக்கு எழவில்லையா, ஈமான் குறைவு. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடக்கின்றானா, கண்ணேறு. ஓதிப் பார்க்க வேண்டும். ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. எம்மிடமும் அழைத்து வருகின்றனர், ஓதி ஊதுகின்றோம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்: இந்த மாதம் எத்தனை இரவு ஷிப்ட்? விடை கேட்ட பின் பல தாய்மார்கள் மௌனமாகிவிடுகின்றனர். பகலை வாழ்வாதாரத்துக்கும் இரவை ஓய்வுக்கும் உறக்கத்தை அமைதிக்கும் ஆக்கியதாக அல்லாஹ் அந்-நபஃ அத்தியாயத்தில் சொல்வதை நாம் மக்தபில் சிறுவர்களுக்கு மனனம் செய்விக்கின்றோம். அவர்களுடைய தந்தையர் அந்நேரத்தில் சி ஷிப்டில் இருக்கின்றனர். ஆலைகள் இரவில் ஓடத்தான் செய்யும்; மருத்துவமனையும் தொடர்வண்டியும் இரவில் உறங்க இயலாது. ஷிப்ட் வாரந்தோறும் மாறுகின்றதா, மாற்றத்தை முன்கூட்டிச் சொல்கின்றனரா, இரவுக்குப் பின் ஓய்வு கிடைக்கின்றதா என்பவை மனிதன் முடிவுசெய்யக் கூடியவை.

பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் பூந்தமல்லியில் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தனர். பூந்தமல்லி நம் திருவள்ளூர் மாவட்டம். உணவு ஒரு காரணம். நெருக்கடியான அறைகளும், தோழியருக்கு என்னவாயிற்று என்பதைக்கூடச் சொல்லாத நிருவாகமும் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. பெரம்பூர்த் தொழிலாளி சங்கு ஊதிய பின் தன் வீட்டுக்குப் போனான். விடுதிப் பெண்ணுக்கு ஆலை முடிந்தபின் செல்லும் இடமும் ஆலையின் கையிலேயே இருக்கின்றது. மகளை ‘பாதுகாப்பான விடுதி’ என்று நம்பி அனுப்பும் பெற்றோர், அங்கு அவள் எப்போது வெளியே செல்லலாம், எத்தனை பேர் ஓர் அறையில், தொழ இடம் உண்டா என்பதை நேரில் சென்று பார்த்துவருவது நலம்.

பிறர் ஆலையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் கடைகளைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. நம்மவர் நடத்தும் ஜவுளிக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் உணவகங்களிலும் காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? தொழுகைக்கு விடுகின்றோம் என்பது முதலாளிமாரின் முதல் பதில். விடுகின்றனர், உண்மை. தொழுகையில் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் அப்பிள்ளைகள் கால் மடக்கி அமரும் ஒரே நேரம் என்பதும் உண்மை. கடை ஊழியருக்கு அமர இருக்கை தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. கேரளம் அதற்கு முன்பே செய்திருந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது. ஊழியர் மீது தாங்க இயலாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்துடைய நபிமொழியை அபூதர் (ரலி) அவர்கள் வழியாக அறிந்த சமுதாயத்துக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டிருக்கக் கூடாது. உழைப்பே வணக்கம் என்று முதலாளி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளட்டும். ஊழியனிடம் சொல்லும்போது அதில் வேறொரு வாடை வீசுகின்றது.

மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் இப்போது கையில் எவ்வளவு வரும், ஓ.டி. எவ்வளவு என்று கேட்கின்றனர். வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று எவரும் கேட்பதில்லை. ஸல்மான் (ரலி) அவர்கள், இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பிருந்த தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டென்று எடுத்துச் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் சரிகண்டார்கள். அங்கே உரிமை மறக்கப்பட்டது வணக்கத்துக்காக. இங்கே தவணைக்காக.

கணினி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு வாயில் என்பதே இல்லாமல் போயிற்று. தொடர்வண்டியில் வரும்போதும் தராவீஹில் நிற்கும்போதும் கைபேசி அதிர்கின்றது. பிரான்ஸ் 2017 முதல் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகும் உரிமையைச் சட்டத்தில் எழுதியது. இந்தியாவில் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே இதுபோன்றதொரு தனிநபர் முன்வரைவை மக்களவையில் வைத்தார். அது சட்டமாகவில்லை.

பெரம்பூர் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. பின்னர் திரைப்படப் படப்பிடிப்புகள் அங்கே நடந்தன. அவற்றின் வரலாற்றை நாம் மாணவர்களுக்குச் சொல்வது பழம்பெருமைக்காக அன்று. கடந்த ஆண்டு எம் மாவட்டத்து ஆலையொன்றில் வேலை செய்யும் இளைஞர் சிலர், ஜும்ஆவுக்கு நேரம் கேட்டு நிருவாகத்துக்கு மனு எழுதித் தருமாறு எம்மிடம் வந்தனர். இஷாவுக்குப் பின் மதரஸாவில் அமர்ந்து எழுதினோம். எழுதி முடித்தபின், உங்களோடு அதே வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு என்ன குறை என்று கேட்டோம். வாரவிடுப்பு எந்த நாள் என்பது முதல்நாள் மாலையில்தான் தெரிகின்றது. ஞாயிறு கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ குடும்பத்தோடு எவரும் திட்டமிட முடிவதில்லை. உணவுக்கூடம் தொலைவில் இருப்பதால் அரை மணியில் பாதி நடையிலேயே போகின்றது என்றனர். 1921-ஐ அவர்களுக்குச் சொன்னோம். அன்றிரவு எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டு, மறுவாரம் அவர்களுடைய சகத் தொழிலாளர் நால்வரையும் அழைத்து வரச் செய்து புதிதாக எழுதினோம். விடுப்பு நாளை முன்கூட்டி அறிவித்தல் முதலில், உணவு இடைவேளை இரண்டாவதாக, வெள்ளிக்கிழமை மூன்றாவதாக. கையொப்பமிட்டோரில் நம்மவரைவிடப் பிறரே மிகுதி. வெள்ளிக்கிழமைக்கு நிருவாகம் உடன்பட்டிருக்கின்றது. மற்ற இரண்டும் இன்னும் பேச்சில் இருக்கின்றன. அவற்றுக்காக நம் பிள்ளைகளும் சேர்ந்தே போய்வருகின்றனர்.